உப்பளத்துக்கு வந்த சர்க்கரை

மரக்காணத்து உப்பளங்களைப் பார்க்க வேண்டுமானால் பங்குனி மாதத்தில், பொழுது விடிந்து ஒரு நாழிகைக்குள் பார்க்க வேண்டும். கிழக்கே கடல், மேற்கே கழுவெளி என்னும் பெரிய உவர்நீர்ப் பரப்பு, நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் வரை கண்ணாடி பதித்தாற்போல் பாத்திகள். ஓரங்களில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். வெயில் ஏறிவிட்டால் அந்த வெண்மையைக் கண் கொண்டு பார்க்க முடியாது.

சென்ற பங்குனியில், எழுதிக்கொண்டிருந்த ஒரு நாவலில் வரும் உப்பளக் காட்சிக்காக நான் அங்கே போயிருந்தேன். கதை எழுதுகிறவனுக்கு இது ஒரு வியாதி. ஊரை நேரில் பார்க்காமல் எழுதினால் இரவு தூக்கம் வராது. எக்கியார்குப்பத்து மீனவ இளைஞர் ஒருவர் எனக்கு வழித்துணை. வரப்பின்மேல் நடந்துகொண்டே பாத்திக்குத் தண்ணீர் விடுவதையும், வெயில் அதைப் படிப்படியாகக் காய்ச்சுவதையும், அடியில் படிந்த உப்பை வரப்போரம் இழுத்துச் சேர்ப்பதையும் விவரித்துக்கொண்டு வந்தார்.

ஒரு பாத்தியில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருத்தி கணுக்கால் வரை உப்பு நீரில் நின்றுகொண்டிருந்தாள். ஒடிசலான தேகம். வரப்பில் ஏறி வந்தபோது அவளுடைய இடது காலின் பெருவிரலுக்குக் கீழே ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு புண்ணைப் பார்த்தேன்.

"காலில் என்னம்மா காயம்?"

குனிந்து பார்த்தாள். அப்போதுதான் தானே அதைப் பார்க்கிறவள்போல் இருந்தது. "தெரியலீங்க ஐயா. ஏதாச்சும் கிளிஞ்சல் கீறியிருக்கும்."

"உப்புத் தண்ணீரில் நிற்கிறீர்களே, எரியவில்லையா?"

அவள் சிரித்தாள். "முன்னெல்லாம் எரியும்ங்க. ரெண்டு வருசமா எரியறதில்ல. காலு மரத்துப் போச்சு. அதுவும் ஒரு வகையில நல்லதாப் போச்சுங்க. இல்லாட்டி இந்த உப்புல நாள் பூரா நிக்க முடியுமா?"

பேச்சுக் கொடுத்ததில் இன்னும் சில விஷயங்கள் வெளிவந்தன. இரவில் நான்கைந்து முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்குவதில்லை. உடம்பு வரவர இளைக்கிறது. எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே சமாதானம் இருந்தது: "வயசாயிட்டா அப்படித்தானே?"

வயசாகிவிட்டால் அப்படித்தான் என்பதில்லை. அவளுக்கு வந்திருப்பது என்னவாக இருக்கும் என்பதை நான் ஊகித்தேன். என் தகப்பனாரின் கடைசிப் பத்து வருஷங்களை அருகிலிருந்து பார்த்தவன் நான். உப்பிலே நின்று பிழைக்கிறவளின் உடம்பில் சர்க்கரை புகுந்திருந்தது.

எக்கியார்குப்பத்தின் பெயர் 2023-ம் ஆண்டு மே மாதத்தில் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வந்தது. விஷச் சாராயம் குடித்து, பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் ஓரிரு நாட்களுக்குள் போயின. ஒரே இரவில் வருகிற சாவைப் பற்றி ஊர் பேசும், மந்திரிகள் வருவார்கள், விசாரணை நடக்கும். இரண்டு வருஷம், பத்து வருஷம் என்று பையப் பைய வருகிற சாவுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. அப்படிப்பட்ட ஒன்றின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சரித்திரம் என்றதும் ராஜாக்களின் கதையை எதிர்பார்க்கும் நேயர்கள் பொறுத்தருள வேண்டும். இதில் ராஜாக்கள் அதிகம் இல்லை. எறும்புகள் உண்டு, ஒரு நாய் உண்டு, கடைசியில் ஓர் அளவு நாடாவும் உண்டு.

* * *

இந்த வியாதிக்கு மனிதர்கள் இட்ட பெயர்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும். நம்மவர்கள் நீரிழிவு என்றார்கள்; நீராக இழிந்து போவது. வடமொழியில் மதுமேகம், தேன்போன்ற நீர். கிரேக்கர்கள் இட்ட டயாபடீஸ் என்ற பெயருக்கு ஊடுருவி ஓடிப்போவது என்று பொருள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரடேயஸ் என்னும் கிரேக்க வைத்தியர், சதையும் கைகால்களும் கரைந்து சிறுநீராய்ப் போகும் நோய் இது என்று எழுதி வைத்தார். மூன்று ஜாதியார் ஒரே காட்சியைக் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் சிறுநீரில் இனிப்பு இருப்பதை முதலில் கண்டுகொண்டவர்கள் நம் நாட்டு வைத்தியர்கள். அவர்களுக்குச் சாட்சி சொன்னவை எறும்புகள். நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்க்கும் என்ற குறிப்பு பழைய ஆயுர்வேத நூல்களில் இருக்கிறது. சுசுருதர் அதற்கு மேலும் ஒரு படி போனார். பிறவியிலேயே வருவது ஒன்று, தகாத உணவாலும் நடத்தையாலும் வருவது மற்றொன்று என்று இந்த நோயை இரண்டாகப் பிரித்தார். முதல் வகையினர் மெலிந்திருப்பார்கள், இரண்டாம் வகையினர் பருத்திருப்பார்கள் என்றார். இன்றைய டாக்டர்கள் முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரிப்பதற்கும் இதற்கும் வெகுதூரம் இல்லை.

சுசுருதர் சொன்ன வைத்தியம் இன்னும் வேடிக்கையானது. கையில் காசில்லாத நோயாளி செருப்பும் குடையும் இல்லாமல் நூறு யோசனை தூரம் நடக்க வேண்டும். அல்லது கிணறு வெட்ட வேண்டும். உடல் உழைப்பே மருந்து என்பதை அவர் அவ்வளவு அழுத்தமாகச் சொல்லிவிட்டார். செருப்பில்லாமல் என்ற ஒரு சொல்லை மட்டும் இன்றைய டாக்டர்கள் அடித்துவிடுவார்கள். ஏன் என்பது எனக்கு அந்த உப்பளத்திலேயே தெரிந்துவிட்டது.

நம் திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் இருக்கிறதல்லவா? அதில் ஒரு பச்சிலையின் பெயரோ, ஒரு சூரணத்தின் பெயரோ கிடையாது. முன் உண்டது செரித்ததா என்று அறிந்து உண்பதைப் பற்றியும் அளவோடு உண்பதைப் பற்றியுமே வள்ளுவர் பேசுகிறார். பஞ்சமும் பசியும் சகஜமாக இருந்த ஒரு காலத்தில் அளவுக்கு மிஞ்சிய உணவைப் பற்றி ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார் என்பது ஆச்சரியந்தான்.

மேல்நாட்டில் இனிப்பின் ரகசியம் வெளிப்பட வெகு காலம் ஆயிற்று. 1674-ம் ஆண்டில் ஆங்கில வைத்தியர் தாமஸ் வில்லிஸ், நோயாளியின் சிறுநீர் தேனும் சர்க்கரையும் கலந்தாற்போல் தித்திக்கிறது என்று எழுதினார். எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். அக்காலத்து வைத்தியருக்கு நாக்கே சோதனைச்சாலை. நூறு வருஷத்துக்குப் பிறகு 1776-ல் மாத்யூ டாப்ஸன் என்பவர் அந்த நீரைக் காய்ச்சி வற்ற வைத்துப் பார்த்தார். அடியில் சர்க்கரை படிந்தது. நம் உப்பளத்தில் வெயில் செய்கிற அதே வேலைதான்! நோயாளியின் ரத்தத்திலும் இனிப்பு இருக்கிறது என்று அவர் சொன்னதுதான் முக்கியம். குற்றவாளி சிறுநீரில் இல்லை, ரத்தத்தில் இருக்கிறான் என்பது அன்றுதான் தெரிந்தது.

அந்தக் குற்றத்துக்குக் காரணமான இடத்தைக் காட்டிக் கொடுத்தது ஒரு நாய். 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்ற இரு டாக்டர்கள் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டார்கள். நாய்க்கு நீரிழிவு வந்துவிட்டது. இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்தச் சிறு உறுப்பில், ரத்தத்துச் சர்க்கரையை ஆளுகிற ஏதோ ஒன்று இருக்கிறது என்று உலகம் தெரிந்துகொண்டது.

அந்த ஏதோ ஒன்றைப் பிரித்தெடுக்க இன்னும் 32 வருஷம் பிடித்தது. 1921-ம் வருஷக் கோடையில், கனடா நாட்டின் டொரான்டோ நகரில், பான்டிங் என்ற இளம் டாக்டரும் பெஸ்ட் என்ற மாணவரும் மக்லியாட் என்ற பேராசிரியரின் சோதனைச்சாலையில் அதைச் சாதித்தார்கள். அதுதான் இன்ஸுலின். அதற்கு முன்னால் இந்த நோய் கண்ட குழந்தைகளுக்கு வைத்தியம் என்ன தெரியுமா? பட்டினி! சோற்றைக் குறைத்துக் குறைத்து, சாவைச் சில மாதங்கள் தள்ளிப் போடுவார்கள். லியனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுப் பையன் எலும்பும் தோலுமாய்க் கிடந்தான். 1922 ஜனவரி 11-ந் தேதி அவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். மருந்து சுத்தமில்லாததால் பயனில்லை. காலிப் என்ற ரசாயன நிபுணர் அதைச் சுத்தம் செய்து கொடுத்தார். அதே மாதம் 23-ந் தேதி மறுபடி போட்டார்கள். பையன் பிழைத்தான், இன்னும் பதின்மூன்று வருஷம் இருந்தான். கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொரான்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 1923-ல் பான்டிங்குக்கும் மக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

* * *

இன்ஸுலின் என்பது என்ன வேலை செய்கிறது? நாம் சாப்பிடும் சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. தசைகளுக்குள் அது போய்ச் சேர்ந்தால்தான் உடம்புக்குப் பலம். தசையின் கதவைத் திறந்து விடுகிறவன் இன்ஸுலின். கதவு திறப்பவனே இல்லாமற் போவது முதல் வகை. பெரும்பாலும் சிறு வயதில் வருவது. திறப்பவன் இருந்தும் கதவு இறுகிப் போவதும், திறந்து திறந்து அவன் ஓய்ந்து போவதும் இரண்டாம் வகை. நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகையினர். தசை வேலை செய்தால் கதவு இளகுகிறது. வயிற்றில் கொழுப்புச் சேர்ந்தால் கதவு இறுகுகிறது. உள்ளே போக முடியாத சர்க்கரை ரத்தத்திலேயே சுற்றிச் சுற்றி வந்து கண்ணையும், சிறுநீரகத்தையும், இருதயத்தையும், கால் நரம்புகளையும் மெள்ள மெள்ள அரிக்கிறது.

மெள்ள என்பதுதான் இதில் அபாயம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. தாகமும் இளைப்பும் வெளியே தெரியுமுன் பல வருஷங்கள் ஓடிவிடலாம்.

ஒரு காலத்தில் இதைப் பணக்காரர் வியாதி என்றார்கள். கல்கத்தா வக்கீல்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் வருவது என்று வெள்ளைக்கார டாக்டர்கள் எழுதினார்கள். சென்னையில் 1948-ம் ஆண்டில் டாக்டர் எம். விஸ்வநாதன் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவில் இத்தகைய பிரிவு அதுதான் முதல் என்று சொல்லுவார்கள். 1954-ல் ராயபுரத்தில் இதற்கென்றே ஒரு மருத்துவமனையும் நிறுவினார். இவ்வளவு சின்ன நோய்க்குத் தனி ஆஸ்பத்திரியா என்று அன்று சிலருக்குத் தோன்றியிருக்கக் கூடும்.

எண்ணிக்கையைப் பாருங்கள். 1970-களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எடுத்த கணக்கில் நகரங்களில் நூற்றுக்கு 2 பேர். கிராமங்களில் அதைவிடக் குறைவு. 1989-ல் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் எடுத்த கணக்கில் வயது வந்தோரில் நூற்றுக்கு 8 பேர். 2006-ல் 18 பேருக்கு மேல். அதே குழுவினர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் கணக்கெடுத்தார்கள். அங்கே 2 பேருக்குச் சற்று அதிகமாக இருந்தது 2006-ல் 9 பேராகியிருந்தது. பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் டெலிவிஷனும் தீட்டிய அரிசியும் கிராமத்துக்குப் போனபோது, அவற்றின் பின்னாலேயே இதுவும் போயிற்று.

2023-ல் வெளியான அகில இந்தியக் கணக்கின்படி நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். அதன் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர். எந்த ராஜ்யத்தில் அதிகம் என்று பார்த்தால் கோவா முதலாவது, அடுத்தது புதுச்சேரி. அங்கே நூற்றுக்கு 26 பேருக்கு. மரக்காணத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர் அது!

* * *

அது சரி, ஒடிசலான நம் ஜனங்களுக்கு ஏன் இது இவ்வளவு சுலபமாக வருகிறது? இதற்கு விடை தேடும் முயற்சியில் சரித்திரமும் வைத்தியமும் கைகோத்துக் கொள்கின்றன.

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டி ஒரு பழைய கால்வாய் ஓடுகிறது. அதுதான் பக்கிங்ஹாம் கால்வாய். வடக்கே ஆந்திரக் கரையில் தொடங்கி சென்னை வழியாக வந்து மரக்காணத்துப் பக்கம் முடிகிறது. ஒரு காலத்தில் உப்பு மூட்டைகள் படகேறிச் சென்னைக்குப் போனது இதன் வழியாகத்தான். 1876 முதல் 1878 வரை இந்த ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில், சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து இந்தக் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டினார்கள். வெட்டியவர்கள் பஞ்ச நிவாரணக் கூலிகள். ஒரு பிடி தானியத்துக்காக மண் சுமந்த அந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் நாம்.

1962-ல் ஜேம்ஸ் நீல் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஓர் ஊகத்தைச் சொன்னார். அடிக்கடி பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்களில், கிடைத்ததைக் கொழுப்பாகச் சேமித்து வைக்கும் சிக்கன உடம்புக்காரர்களே பிழைத்திருப்பார்கள். பஞ்சம் போய்ச் சோறு தாராளமாகக் கிடைக்கும் நாளில் அந்தச் சிக்கனமே அவர்களுக்கு எமனாகும் என்பது அவர் வாதம். இது ஊகந்தான், இன்றுவரை விஞ்ஞானிகள் இதைப் பற்றி வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக் கண்டது ஊகமல்ல, அளந்து பார்த்தது. நம் நாட்டுக் குழந்தைகள் பிறக்கும்போதே ஆங்கிலக் குழந்தைகளைவிட எடை குறைவு. ஆனால் தசைதான் குறைவு, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு! அதனால்தான் "எனக்கென்ன, நான் ஒல்லிதானே?" என்று நம்மில் ஒருவர் சொல்லும்போது டாக்டர்கள் தலையை ஆட்டுகிறார்கள்.

தாய் வயிற்றிலேயே இந்தக் கதை தொடங்குவதால்தான், கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரைச் சோதனை அவசியம் என்று சென்னை டாக்டர் வி. சேஷையா வெகு காலம் வற்புறுத்தினார். தமிழ்நாட்டு அரசும் 2007-ல் அதை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உரிய சோதனையாக்கியது. பிள்ளைப்பேற்றின்போது சர்க்கரை வந்து போன பெண்கள், போய்விட்டதே என்று மறந்துவிடக் கூடாது. அது ஒரு முறை வந்து வீட்டு விலாசம் தெரிந்துகொண்ட விருந்தாளி.

* * *

மரக்காணத்துக்கு வடக்கே, சிறிது தூரத்தில் சூணாம்பேடு என்ற கிராமம் இருக்கிறது. 2006-ம் ஆண்டு அந்த வட்டாரத்தில் ஒரு புதுமை நடந்தது. டாக்டர் விஸ்வநாதனின் புதல்வர் டாக்டர் வி. மோகன் தலைமையில் ஒரு மோட்டார் வண்டி அங்கே போய்ச் சேர்ந்தது. வண்டிக்குள்ளேயே கண்ணின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் கருவி, கால் நரம்பின் உணர்ச்சியை அளக்கும் கருவி, இருதயத் துடிப்பை வரையும் கருவி எல்லாம் இருந்தன. பிடித்த படங்கள் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் செயற்கைக்கோள் வழியாகச் சென்னைக்குப் போயின. அங்கே இருந்த டாக்டர்கள் பார்த்து வழி சொன்னார்கள். சுற்றிலும் 42 கிராமங்கள். வயது வந்தோர் 27,014 பேர். அவர்களில் 23,449 பேரைச் சோதித்துவிட்டார்கள். சூணாம்பேட்டிலேயே ஒரு நீரிழிவு நிலையமும் எழுந்தது. நோயாளிகளில் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவானவர்களே சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. வைத்தியம் கிராமத்துக்குப் போனால் கிராமத்தான் வைத்தியத்துக்கு வரத் தயாராக இருக்கிறான் என்று இதனால் தெரிந்தது. 2021-ல் தமிழ்நாட்டு அரசு மக்களைத் தேடி மருத்துவம் என்ற பெயரில் நீரிழிவுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோகும் திட்டத்தைத் தொடங்கியதும் இதே யோசனையின் பெரிய வடிவந்தான்.

ஆனால் 23,000 பேரை வண்டி வைத்துச் சோதிப்பது எல்லா ஊரிலும் நடக்கிற காரியமா? ரத்தம் எடுக்காமலே ஒருவருடைய ஆபத்தை மதிப்பிட முடியுமா? இதற்கு டாக்டர் மோகன் குழுவினர் 2005-ல் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். 2001-ல் தொடங்கிய சென்னை ஆய்வில் சேர்த்த விவரங்களிலிருந்து பிறந்தது அது. வேண்டியது ஓர் அளவு நாடாவும் நான்கு கேள்விகளுமே.

முதல் கேள்வி வயது. முப்பத்தைந்துக்குக் கீழே என்றால் மதிப்பெண் இல்லை. 35 முதல் 49 வரை 20. ஐம்பதும் அதற்கு மேலும் 30.

இரண்டாவது, வயிற்றின் சுற்றளவு. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஒன்றுமில்லை. 90 முதல் 99 வரை 10. 100-ம் அதற்கு மேலும் 20. பெண்களுக்கு இந்தக் கணக்கு 80-ல் தொடங்குகிறது: 80 முதல் 89 வரை 10, 90-ம் அதற்கு மேலும் 20.

மூன்றாவது, உழைப்பு. தேகப்பயிற்சியும் கடின உழைப்பும் இரண்டும் உண்டு என்றால் ஒன்றுமில்லை. இரண்டில் ஒன்றுதான் என்றால் 20. இரண்டும் இல்லை என்றால் 30.

நான்காவது, தாய் தந்தையர். இருவருக்கும் நீரிழிவு இல்லை என்றால் ஒன்றுமில்லை. ஒருவருக்கு இருந்தால் 10. இருவருக்கும் என்றால் 20.

கூட்டிப் பாருங்கள். முப்பதுக்குக் கீழே என்றால் ஆபத்துக் குறைவு; 30 முதல் 50 வரை மத்தியமம்; 60-ம் அதற்கு மேலும் என்றால் தாமதமில்லாமல் ரத்தம் சோதிக்க வேண்டியவர் நீங்கள். பள்ளிக்கூடத்தில் அதிக மார்க்கு வாங்கி அறியாதவர்கள் இந்தப் பரீட்சையில் வாங்கிவிடலாம்!

உப்பளத்திலிருந்து திரும்பிய இரவு, தங்கியிருந்த விடுதியில் நான் என்னையே அளந்துகொண்டேன். வயது 58, முப்பது. வயிறு 97 சென்டிமீட்டர்; பத்து. உட்கார்ந்து எழுதுவதைத் தவிர வேறொன்றும் அறியாத உடம்பு, முப்பது. தகப்பனாருக்கு இருந்தது, பத்து. ஆக எண்பது. அந்த அம்மாளுக்குப் பரிதாபப்பட்டுக்கொண்டு வந்தவனுக்குச் சற்றே வெட்கமாக இருந்தது. தகப்பனாரின் காலுக்கு மருந்து வைத்துக் கட்டிய கை என் கை. இருந்தும் பத்து வருஷமாக ஒரு சோதனை செய்து கொள்ளவில்லை. சோதித்தால் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்! சோதிக்காவிட்டால் இல்லாமற் போய்விடுமா?

அவளுக்கும் கணக்குப் போட்டேன். வயதுக்கு முப்பது, வயிறு ஒட்டியது, ஒன்றுமில்லை, கடின உழைப்பு உண்டு, ஆனால் தேகப்பயிற்சி என்று தனியாக இல்லை, இருபது, தாய் தகப்பனுக்கு எந்த நோய் என்று யார் சோதித்தார்கள்? அதற்கும் ஒன்றுமில்லை. ஐம்பதுதான்! என்னைவிட முப்பது குறைவு. ஆனால் நோய் அவளைப் பிடித்திருக்கிறது.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. மார்க்கு குறைவு என்பதால் நோய் வராது என்று எழுதிக் கொடுத்த பத்திரம் அல்ல அது. கூட்டத்தில் யாரை முதலில் சோதிப்பது என்பதற்கு ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான். அடங்காத தாகம், இரவில் அடிக்கடி எழுவது, காரணமில்லாத இளைப்பு, ஆறாத புண், மரத்துப்போன கால் என்று எதையாவது கண்டுவிட்டால் மார்க்கைப் பற்றிய பேச்சே வேண்டாம். நேரே சோதனைக்குப் போக வேண்டியதுதான். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 126-ம் அதற்கு மேலும் என்று மறுமுறையும் வந்தால் நீரிழிவு. 100 முதல் 125 வரை வாசற்படி.

மறுநாள் காலை அவளை மறுபடி பார்க்கப் போனேன். "கால் எரியாதது நல்லதில்லையம்மா. எரிந்தால்தான் காலுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம்" என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. எரியாதது கெடுதல் என்று ஒருவன் வந்து சொன்னால் யார்தான் நம்புவார்கள்? கூட வந்த இளைஞர் என் பக்கம் சேர்ந்துகொண்டார். "ஆயா, நம்ம தெருவுல பெரியப்பா காலு போனது இப்படித்தான். நீ வா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். பெரியப்பாவின் பெயரைக் கேட்டதும் அவள் முகம் மாறிற்று. அதன் பிறகு பேசவில்லை. கையிலிருந்த பலகையை வரப்பில் சாத்திவிட்டு எங்களோடு வந்தாள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சோதித்ததில் ரத்தச் சர்க்கரை 340. புண் உள்ளே எலும்பு வரை போயிருந்தது.

* * *

சென்னைக்குத் திரும்பி நானும் ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் 114. வாசற்படி. "இது நோய் அல்ல, எச்சரிக்கை" என்றார் டாக்டர். 2006-ல் டாக்டர் ராமச்சந்திரன் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னார். குளுக்கோஸ் குடித்தபின் சர்க்கரை அளவு மிகுந்து இப்படி வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் கவனித்தார்களாம். சும்மா விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடந்தும், உணவைத் திருத்தியும் வந்தவர்களில் 39 பேருக்கு. முழுவதும் தப்ப முடியும் என்று சொல்லவில்லை. நூற்றுக்குப் பதினாறு பேர் வெறும் நடையால், உணவால் அந்த மூன்று வருஷத்தில் தப்பினார்கள். அந்தப் பதினாறில் ஒருவனாக நான் ஏன் இருக்கக் கூடாது?

ஆகையால் நடக்கிறேன். வைகறையில் தெருவிளக்கு அணையுமுன் புறப்பட்டு முக்கால் மணி நேரம். தட்டில் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் காய்கறியும் பருப்பும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். என் மனைவிக்கு முதலில் இது பிடிக்கவில்லை. இப்போது அவளும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்து, "எனக்கு எத்தனை மார்க்கு பாருங்கள்" என்கிறாள்.

ஐப்பசியில் மழை இறங்கி உப்பளங்களில் வேலை நின்றபோது அந்த இளைஞர் டெலிபோனில் பேசினார். அம்மாளுக்கு இடது பெருவிரலை எடுத்துவிட்டார்களாம், கால் தப்பிற்று. இன்ஸுலின் போட்டுக் கொள்கிறாள். இரவு படுக்குமுன் பேத்தி ஆயாவின் உள்ளங்கால் இரண்டையும் விளக்கு வைத்துப் பார்க்கிறாளாம். கீறல், கொப்புளம், சிவப்பு எதுவும் இருக்கிறதா என்று. கண்தான் இனி அந்தக் காலின் உணர்ச்சி. வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டுக் கொள்கிறாள். மழை விட்டபின் பாத்தியில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கரைமேல் நிழலில் மூட்டை தைக்கும் வேலை பேசியிருக்கிறார்கள். கூலி குறைவு. அதைச் சொல்லும்போது இளைஞரின் குரல் சற்றுத் தாழ்ந்தது.

"ஆயா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லிச்சு சார்" என்றார்.

"என்ன?"

"பாத்தியில அதுகூட நின்ன ஒன்பது பேரையும் அது கூட்டிட்டுப் போயி ரத்தம் பார்க்க வெச்சிருச்சாம். மூணு பேருக்கு இருக்குதாம்."

நேயர்களே, உங்கள் வீட்டுத் தையல் பெட்டியில் ஓர் அளவு நாடா கட்டாயம் இருக்கும். இந்தப் பக்கத்தை மூடியவுடன் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள்.